ஆய்வு நிதி விண்ணப்பத்தில் சைட்டேஷன் காட்ட எந்தத் தளம் உதவும்? வடசென்னைக் கல்லூரி நூலகர் ஒருவரின் மதிப்புரை

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தன் பழைய வேலையை யார் யார் எடுத்துப் பயன்படுத்தி, தங்கள் கட்டுரையில் மேற்கோள் (அதுதான் சைட்டேஷன்) காட்டினார்கள் என்று காட்ட, பெரும் சந்தா கட்டும் தளம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. கூகுள் ஸ்காலர், ஓப்பன்அலெக்ஸ், செமாண்டிக் ஸ்காலர் மூன்றும் போதும், மருத்துவம் சார்ந்த வேலை என்றால் கூடவே ஐசைட். நான்கும் இலவசம். இந்த நான்கில் எனக்கு அதிகம் பிடித்தது செமாண்டிக் ஸ்காலர், எண்ணுக்கு நான் அதிகம் நம்புவது ஓப்பன்அலெக்ஸ். ஏன் என்று கீழே விரிவாக எழுதுகிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். சந்தா கட்டிப் பார்க்கும் பெரிய மேற்கோள் தளங்களான ஸ்கோபஸ் எங்களுக்குக் கிடையாது, வெப் ஆஃப் சயின்ஸும் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் பல கல்லூரிகளின் நிலைமையும் இதுதான். வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர் என்று எங்கே இருந்தாலும் ப்ரொபோசல் எழுதும் பேராசிரியர்கள் கடைசி வாரத்தில்தான் நூலகத்துக்கு வருவார்கள், வந்ததும் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "சார், என் ஹெச் இண்டெக்ஸ் எவ்ளோன்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க." எண்ணைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் அந்த எண்ணோடு அவர்களை அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால் இந்தப் பகுதியில் நடக்கும் ஆய்வு பெரும்பாலும் எண்ணூர் கழிமுகம், மணலிக் காற்று, காசிமேட்டு மீன், நிலத்தடி நீரில் ஏறும் உப்பு என்று இடம் சார்ந்தது. அதன் பயன் சைட்டேஷன் எண்ணில் பாதிகூடத் தெரியாது. மீதியைத் தோண்டி எடுத்துக் காட்டினால்தான் மதிப்பீட்டாளருக்குப் புரியும்.

இந்தச் சைட்டேஷன் கணக்கை ஆரம்பித்தவர் யூஜின் கார்ஃபீல்ட். 1955-ல் சயின்ஸ் இதழில் யோசனையை எழுதினார், 1960-களில் அதைச் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்று அச்சுத் தொகுதிகளாகவே கொண்டுவந்தார். ஒரு கட்டுரையில் இருந்து அதைப் பின்னால் பயன்படுத்திய கட்டுரைகளுக்குப் போவதற்கான வழியாகத்தான் அது பிறந்தது. ஆளுக்கு மதிப்பெண் போடும் வேலைக்கு அது இந்த அளவு பயன்பட்டது பிற்பாடுதான். ஹெச் இண்டெக்ஸ் வந்தது 2005-ல், ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்தது. ஒருவருக்கு 7 என்றால், குறைந்தது 7 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 7 இருக்கின்றன என்று பொருள், அவ்வளவுதான். ஒரே கட்டுரையை ஆயிரம் பேர் பயன்படுத்தியிருந்தாலும் இதில் அது தெரியாது. வயது ஏற ஏற எண்ணும் ஏறும், இறங்கவே இறங்காது. அதனால் இப்போதுதான் முனைவர் பட்டம் முடித்த பெண்ணையும் ஓய்வு பெறப்போகும் பேராசிரியரையும் இந்த எண்ணால் ஒப்பிடுவது அநியாயம்.

சரி, தளங்களுக்குப் போவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதைச் செய்யாமல் எந்தத் தளத்தைத் திறந்தாலும் எண் தப்பாகத்தான் வரும். பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மேற்கத்திய முறையில் கட்டிய தளங்கள் கடைசியில் வரும் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். உதாரணத்துக்கு மு. அன்பரசி என்று ஒருவர். ஒரு இதழில் அன்பரசி எம், இன்னொன்றில் எம். அன்பரசி, பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலப் போட்ட இடத்தில் அன்பரசி முருகன். இந்தக் கடைசி வடிவத்தில் அவர் பெயர் முருகன் ஏ ஆகிவிடும். அப்பாவின் பெயரில் மகளின் ஆய்வு போய் உட்கார்ந்துகொள்ளும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலைக் கணவர் பெயருக்கு மாற்றியவர்கள் என்றால் இன்னும் மோசம், பாதி வேலை பழைய இனிஷியலில், பாதி புதியதில். நான் பார்த்த வரையில் இதனால் அதிகம் இழப்பது பெண் ஆய்வாளர்கள்தான். நல்ல வேலை செய்தவர் மூன்று துண்டாகக் கிடப்பார், மூன்று துண்டிலும் ஹெச் இண்டெக்ஸ் சின்னதாக இருக்கும். இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. எஸ். குமார் போன்ற பெயர் என்றால் நாடு முழுக்க இருக்கும் குமார்களின் கட்டுரைகள் ஒரே ஆளின் கணக்கில் விழும். பார்க்கப் பெரிய எண், ஆனால் அதைப் படிவத்தில் எழுதினால் யாராவது பட்டியலைத் திறந்து பார்த்த அன்றைக்கு மானம் போய்விடும்.

இதற்கு மருந்து, ஆய்வாளர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகத் தரும் ஆர்கிட் எண். 2012-ல் இருந்து இயங்கும் லாப நோக்கமற்ற அமைப்பு, 16 இலக்க எண் ஒன்று தருவார்கள், பணம் வேண்டாம். எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் பயனில்லை, கட்டுரைகளை ஒவ்வொன்றாக அதில் சேர்க்க வேண்டும், "பிற பெயர்கள்" என்ற இடத்தில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிவைக்க வேண்டும். அப்புறம் ஸ்கோபஸின் ஆசிரியர் தேடலைத் திறந்து பாருங்கள். சந்தா இல்லாதவர்களும் ஆசிரியர் பக்கத்தை ஓரளவு பார்க்கலாம், துண்டுகளை இணைக்கச் சொல்லி விண்ணப்பிக்கவும் காசு கேட்பதில்லை. இந்த வேலையை ப்ரொபோசலுக்குக் கடைசித் தேதி வரும்போது ஆரம்பிக்காதீர்கள், திருத்தம் ஏற நாளாகும். நான் இப்போதெல்லாம் புதிதாக முனைவர் பட்டத்துக்குச் சேரும் மாணவர்களிடம் முதல் நாளே சொல்வது, முதல் கட்டுரையில் எப்படிப் பெயர் போடுகிறீர்களோ அதையே கடைசிவரைக்கும் போடுங்கள் என்பதுதான்.

இனி கூகுள் ஸ்காலர். 2004-ல் வந்தது, எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் முதலில் திறப்பதும் இதைத்தான். இதன் பலம் பரப்பு. ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, புத்தக அத்தியாயம், பல்கலைக்கழகத் தளத்தில் கிடக்கும் அறிக்கை என்று எங்கே உங்கள் பெயர் வந்திருந்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். பலவீனமும் அதே பரப்புதான், தரம் பார்த்து வடிகட்டுவதில்லை, அதனால் எண் பெரும்பாலும் மற்ற தளங்களைவிடப் பெரிதாக இருக்கும். ஒரே கட்டுரைக்கு இதில் 41 என்று இருந்தால் ஓப்பன்அலெக்ஸில் 29, ஸ்கோபஸில் 24 என்று இருப்பது சாதாரணம். மூன்றுமே பொய் இல்லை, மூன்றும் வேறு வேறு குவியலில் எண்ணுகின்றன. ஆகவே படிவத்தில் எண் போட்டால் பக்கத்திலேயே எந்தத் தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுதிவிடுங்கள். ஒரு வரிதான், ஆனால் சரிபார்க்க நினைக்கும் மதிப்பீட்டாளருக்கு அந்த ஒரு வரியில் உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

கூகுள் ஸ்காலரில் நான் அதிகம் பயன்படுத்தும் வசதி ஒன்று பலருக்குத் தெரியவில்லை. கட்டுரைக்குக் கீழே இருக்கும் மேற்கோள் எண்ணை அழுத்தினால் உங்களைப் பயன்படுத்தியவர்களின் பட்டியல் வரும். அங்கே, இந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை டிக் செய்துவிட்டு, கழித்தல் குறி போட்டு author என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் வைத்து (-author: என்று) ஒட்டி உங்கள் பெயரைக் கொடுத்தால், உங்களை நீங்களே மேற்கோள் காட்டியவை பெரும்பாலும் விலகிவிடும். சுய மேற்கோள் குற்றம் இல்லை, தொடர்ந்து ஒரே பொருளில் வேலை செய்பவர் தன் முந்தைய கட்டுரையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைக் கழித்த எண்ணையும் சேர்த்துத் தருபவரின் விண்ணப்பம் தனியாகத் தெரியும். இன்னொரு வழி, அதே கட்டத்தில் ஒரு ஊர்ப் பெயரையோ நாட்டின் பெயரையோ போட்டுத் தேடுவது. உங்கள் வேலை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தோராயமாகப் பிடிபடும்.

குறை என்ன? பட்டியலை மொத்தமாக இறக்கிக்கொள்ள நல்ல வழி கிடையாது, துறை வாரியான ஒப்பீடு கிடையாது, அப்புறம் இதை ஏமாற்றுவது சுலபம். 2024-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாக ஆய்வாளர்கள் இல்லாத ஒரு ஆய்வாளர் பெயரில் ப்ரொஃபைல் உண்டாக்கி, 300 டாலர் கொடுத்து 50 சைட்டேஷன் விலைக்கு வாங்கிக் காட்டினார்கள். இது வெளியானபிறகு ஸ்காலர் எண்ணை மட்டும் காட்டும் விண்ணப்பத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களைத் தப்புச் சொல்ல முடியாது.

விலைக்கு வாங்குவது என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பாரிமுனைப் பக்கம் ஆய்வேடு டைப் அடித்து, பைண்டிங் போட்டு, ஸ்பைரல் போட்டுத் தரும் கடைகளுக்கு நம் மாணவர்கள் காலங்காலமாகப் போகிறார்கள், அந்த வேலையைப் பெரும்பாலானவர்கள் நேர்த்தியாகவே செய்கிறார்கள். ஆனால் சைட்டேஷன் ரிப்போர்ட் என்று ஒன்றைத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு தயாரித்துத் தருபவர்களும் முளைத்திருக்கிறார்கள். எங்கள் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவர் அப்படி ஒரு இடத்தில் வாங்கி வந்ததைப் பார்த்தேன். வழவழ தாளில் கலர் பிரின்ட், உள்ளே கூகுள் ஸ்காலர் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், அவர் எழுதிய இதழ்களின் இம்பேக்ட் ஃபேக்டர் பட்டியல், அதில் பாதி இதழ்களுக்கு உண்மையில் இம்பேக்ட் ஃபேக்டரே கிடையாது, யாரோ நடத்தும் ஏதோ ஒரு தளம் கொடுத்த போலி எண். கூடவே, சைட்டேஷனை ஏற்றித் தரவும் வழி இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. அந்த மனிதர் தன் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த பணம் அது. அவர் கட்டுரைகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன, அந்த ரிப்போர்ட்டோடு போயிருந்தால் அவரையும் சேர்த்துச் சந்தேகப்பட்டிருப்பார்கள். தயவுசெய்து யாரும் இதற்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கல்லூரி நூலகரிடம் உட்காருங்கள், இல்லையென்றால் நீங்களே ஒரு மதியம் ஒதுக்குங்கள்.

இம்பேக்ட் ஃபேக்டர் என்பது இதழின் எண். ஒரு இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு எத்தனை மேற்கோள் கிடைத்தன என்று எடுத்து, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தது. இது சராசரி. நாலைந்து கட்டுரைகள் இழுத்துக்கொண்டு போகும், மீதி அப்படியே கிடக்கும். உங்கள் கட்டுரை எந்தப் பக்கம் என்று இதில் இருந்து தெரிந்துகொள்ள முடியாது. 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் கூடி எழுதப்பட்ட டோரா அறிக்கை இதைத்தான் சொல்கிறது, ஒரு ஆளின் வேலையை எடைபோட இதழின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று. நம் நாட்டில் உயிர்மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸ் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. அங்கே விண்ணப்பிக்கும்போது இம்பேக்ட் ஃபேக்டரைப் பட்டியல் போட்டு நிரப்புவது உங்களுக்கு எதிராகத்தான் முடியும்.

ஓப்பன்அலெக்ஸுக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தரவுத் தொகுப்பை 2021 முடிவில் மூடியபோது, அந்த இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் வந்தது. பழைய அலெக்சாண்ட்ரியா நூலகத்தின் நினைவாக வைத்த பெயர். 25 கோடிக்கும் மேற்பட்ட படைப்புகளின் விவரம் உள்ளே இருக்கிறது, தரவு முழுவதும் திறந்தது, யாரும் எடுத்து யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம். பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகம் வெப் ஆஃப் சயின்ஸ் சந்தாவை நிறுத்திவிட்டு இதன் பக்கம் வந்தது, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் 2024-ல் இதன் தரவை வைத்துத் தன் பல்கலைக்கழகத் தரவரிசையின் திறந்த பதிப்பை வெளியிட்டது. பணக்காரப் பல்கலைக்கழகங்களே வரும் இடத்துக்கு நாம் தயங்காமல் போகலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு கட்டுரைக்கும் துறை சார்ந்து சரிசெய்த மேற்கோள் அளவு ஒன்றைத் தருகிறது. அதே ஆண்டில், அதே துறையில், அதே வகையில் வந்த மற்ற கட்டுரைகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். 1 என்றால் உலகச் சராசரி, 2 என்றால் சராசரியைப்போல இரண்டு மடங்கு. நம் கணிதத் துறைக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். கணிதத்தில் ஒரு கட்டுரைக்கு 6 மேற்கோள் கிடைப்பது நல்ல விஷயம், அதையே மூலக்கூறு உயிரியல்காரரின் 60-க்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமில்லாததுபோலத் தெரியும். துறையைச் சரிசெய்து பார்த்தால் இருவரும் ஒரே உயரத்தில் நிற்கலாம். ஸ்கோபஸிலும் இதே வகை எண் உண்டு, டைமென்ஷன்ஸ் என்ற இன்னொரு தளத்தின் இலவசப் பதிப்பிலும் துறை ஒப்பீட்டு எண் உண்டு.

கவனமாக இருக்கவேண்டிய இடம், கட்டுரைகள் கொஞ்சமாக இருந்தால் இந்தச் சராசரி ஆடும். மொத்தமே ஐந்து கட்டுரை, அதில் ஒன்று பிய்த்துக்கொண்டு போனது என்றால் சராசரி 4 என்று வரும், அதைக் கொட்டை எழுத்தில் போடாதீர்கள், அந்த ஒரு கட்டுரையைப் பற்றி எழுதுங்கள். வெளிவந்து இரண்டு வருடம் ஆகாத கட்டுரைக்கு இந்த எண்ணே வேண்டாம். அதோடு தானியங்கியாகத் திரட்டிய எந்தத் தரவிலும் நிறுவனப் பெயர் விடுபடும், பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியின் கட்டுரை பல்கலைக்கழகத்தின் கணக்கில் போய்ச் சேரும். உங்கள் பட்டியலை வரிவரியாக நீங்களே ஒரு தடவை சரிபார்த்துவிட வேண்டும்.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான செமாண்டிக் ஸ்காலர். ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2015-ல் தொடங்கியது. இது எண்ணோடு நிற்பதில்லை. உங்களை மேற்கோள் காட்டியவர்கள் எதற்காகக் காட்டினார்கள் என்று பிரித்துத் தர முயற்சி செய்கிறது: பின்னணிக்காகச் சொன்னார்களா, உங்கள் முறையை எடுத்துப் பயன்படுத்தினார்களா, உங்கள் முடிவோடு தங்கள் முடிவை ஒப்பிட்டார்களா. அதிகத் தாக்கம் பெற்ற மேற்கோள்கள் என்று தனியாக ஒரு வடிகட்டியும் இருக்கிறது. இயந்திரம் செய்யும் பிரிப்பு, எல்லாம் சரியாக இருக்காது, முழுக் கட்டுரை கைக்குக் கிடைத்தவற்றில்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். ஆனால் எங்கே போய்ப் படிக்கவேண்டும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது.

எங்கள் வேதியியல் துறை மேடம் ஒருவர் எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் கன உலோகங்கள் பற்றி வருடக்கணக்காக வேலை செய்கிறார். நிலக்கரிச் சாம்பல் விழுகிற இடம், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கிற இடம், இரண்டிலும் முழங்கால் அளவு சேற்றில் இறங்கி மாதிரி எடுத்தவர். அவருடைய முக்கியமான கட்டுரைக்கு மேற்கோள் இருபத்துச் சொச்சம்தான். "இத போட்டா என்ன மதிப்பாங்க சார், விட்டுடலாம்" என்றார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, அவர் பெயர் வரும் வாக்கியத்தை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதினோம். பெரும்பாலானவை "இந்தப் பகுதியில் மாசு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன" என்ற வகை, அவற்றைத் தள்ளிவைத்தோம். மிச்சம் இருந்ததில் ஒன்று வங்கதேசக் கழிமுகம் ஒன்றில் வேலை செய்யும் குழு, மேடம் சேற்றில் இருந்து உலோகத்தைப் பிரித்தெடுத்த படிகளை அப்படியே பின்பற்றியிருந்தார்கள், அதை முறை பகுதியில் வெளிப்படையாக எழுதியும் இருந்தார்கள். இன்னொன்று மட்டிகளில் உலோகம் சேர்வது பற்றியது, மேடத்தின் அளவுகளைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு பத்து வருடத்தில் என்ன மாறியது என்று பார்த்திருந்தது. இது எப்பேர்ப்பட்ட விஷயம்! அவர் அன்று எடுத்த அளவு இல்லையென்றால் இன்றைக்கு ஒப்பிட ஒன்றுமே இருந்திருக்காது. விண்ணப்பத்தில் எண்ணை ஒரு வரியில் முடித்துவிட்டு, இந்த இரண்டையும் மூன்று மூன்று வரிகளில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு அவரே திரும்பத் திரும்பப் படித்தார், தன் வேலை இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதைச் செய்ய மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் முழு வடிவம் வேண்டும். அரசு நடத்தும் கல்லூரிகளில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் உண்மையிலேயே நல்ல விஷயம், 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. தனியார் கல்லூரிகளில் இருப்பவர்கள் கட்டுரை ஆசிரியருக்கே ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், தங்களைப் பயன்படுத்தியவர்களைத் தேடிப் படிக்கும் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் சந்தோஷமாகவே அனுப்புவார்கள்.

ஐசைட் பற்றி, ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் இருக்கும் மருத்துவ ஆய்வாளர்களுக்காக எழுதுகிறேன். அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் நடத்துவது, மருத்துவக் கட்டுரைகளின் பட்டியலான பப்மெட்டில் இருக்கும் கட்டுரைகளுக்கு மட்டும். பப்மெட் எண்களை ஒட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் வரும், 2016-ல் வெளியான முறை. 1.0 என்றால் அந்த நிறுவனத்தின் நிதியில் அதே துறையில், அதே ஆண்டில் வந்த கட்டுரைகளின் நடு அளவுக்கு உங்கள் கட்டுரை மேற்கோள் பெற்றிருக்கிறது. உள்நாட்டு நிதியில், ஓ.பி. கூட்டத்துக்கு நடுவே நேரம் ஒதுக்கிச் செய்த ஆய்வு ஒன்று 1.0-ஐத் தொட்டால் அது பெருமைப்படவேண்டிய இடம், தயங்காமல் எழுதுங்கள். இதைவிட முக்கியம், மருத்துவச் சிகிச்சை சார்ந்த கட்டுரைகள் எத்தனை உங்களைப் பயன்படுத்தின என்றும் தனியாகக் காட்டுகிறது.

மருத்துவத்தில் எண்ணுக்கும் பயனுக்கும் உள்ள தூரத்தைச் சொல்ல நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து சிகிச்சை மையம், வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுப்பதையும் சானடோரியத்தில் வைத்துக் கொடுப்பதையும் ஒப்பிட்டு 1959-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவை வெளியிட்டது. வீட்டுச் சிகிச்சை சளைத்ததில்லை, கூட இருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு காசநோய் மருத்துவத்தில் உலகத்தின் போக்கே மாறியது. இன்றைக்குக் காசநோயாளி வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிடுவதை யாரும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிச் சொல்வதில்லை, அது பொது அறிவாகிவிட்டது. அந்தக் கட்டுரையின் பெருமையை எந்தச் சைட்டேஷன் எண்ணாலும் அளந்து முடிக்க முடியாது.

அதனால் விண்ணப்பத்தில் அரசு அறிக்கைகளையும் தேடிச் சேர்க்கவேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கொள்கை ஆவணங்களில் மேற்கோள்களைத் தேடித் தரும் கட்டணத் தளங்கள் உண்டு, நமக்குக் கட்டாது. கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு, அரசுத் தளங்களில் இருக்கும் பிடிஎஃப் கோப்புகளுக்குள் மட்டும் தேடச் சொல்லி சாதாரணக் கூகுளிலேயே பாருங்கள். தலைப்பில் வராவிட்டால் உங்கள் பெயரையும் இடத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. இதுபோன்ற வழக்குகளில் நிபுணர் குழுக்கள் அறிக்கை தருகின்றன, அந்த அறிக்கைகளின் பின்பக்கம் யாருடைய அளவுகள் இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். அங்கே உங்கள் பெயர் இருந்தால், அறிக்கையின் பெயர், பக்க எண், எதற்காகப் பயன்பட்டது என்று எழுதுங்கள். காட்டுக்குப்பத்து மீனவர்களின் வாழ்க்கையோடு தொடர்புள்ள ஒரு தாளில் உங்கள் அளவு இடம்பெற்றிருப்பது, வெளிநாட்டு இதழில் வரும் பத்து மேற்கோளுக்குக் குறைந்தது அல்ல. இது என் சொந்த ஆசை மட்டும் இல்லை. ஆய்வை எப்படி மதிப்பிடவேண்டும் என்று 2015-ல் நேச்சர் இதழில் வந்த லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் ஒன்று, உள்ளூருக்குத் தேவையான ஆய்வின் தரத்தைப் பாதுகாக்கவேண்டும் என்பதுதான். படிவத்தில் இடம் இருந்தால் அந்த அறிக்கையின் பெயரைச் சொல்லியே எழுதலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பப்ளிஷ் ஆர் பெரிஷ் என்ற மென்பொருள், ஆன்வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் 2006 முதல் இலவசமாகத் தருவது, கூகுள் ஸ்காலர், ஓப்பன்அலெக்ஸ் பட்டியல்களை எக்செலுக்குக் கொண்டுவர உதவும், எனக்குத் தினமும் பயன்படுகிறது. லென்ஸ் தளத்தில் உங்கள் கட்டுரையை ஏதாவது காப்புரிமை மேற்கோள் காட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம், பொறியியல், மருந்தியல்காரர்கள் மட்டும் போனால் போதும். விஓஎஸ்வியூவர் அழகழகான வலைப்பின்னல் படம் போடும், துறையைப் புரிந்துகொள்ள அருமையான கருவி, ஆனால் ப்ரொபோசலில் அந்தப் படத்தைப் போடாதீர்கள், கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்தால் ஒன்றும் தெரியாது, அந்தப் பக்கத்தில் செய்யப்போகும் வேலையைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதலாம்.

தமிழ்த்துறைக்காரர்களும் வரலாற்றுத்துறைக்காரர்களும் இதைப் படித்துவிட்டு எங்களுக்கு என்ன என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் மேலே சொன்ன தளங்களில் தமிழ் இதழ்கள் மிகக் குறைவு, தமிழ் நூலுக்குப் பின்னால் இருக்கும் துணைநூற்பட்டியலைப் பெரும்பாலும் எந்தத் தளமும் எண்ணுவதில்லை. அதற்காக அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் நூல் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இருக்கிறது, எந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளில் பயன்பட்டிருக்கிறது, எந்த இதழில் மதிப்புரை வந்தது, இவற்றைச் சேகரியுங்கள். ஆய்வேடுகளைத் தேட ஷோத்கங்கா என்ற இந்திய ஆய்வேட்டுத் தளம் இருக்கிறது, முழுப் பிரதியே பெரும்பாலும் கிடைக்கும், கடைசி அத்தியாயத்துக்கு அப்புறம் வரும் துணைநூற்பட்டியலைத் திறந்து உங்கள் பெயரைத் தேடுங்கள். தமிழ் எழுத்துரு பழையதாக இருந்தால் தேடல் வேலை செய்யாது, கண்ணால்தான் பார்த்தாகவேண்டும், அலுப்பான வேலைதான். பாடத்திட்டத்தின் அந்தப் பக்கத்தையும், ஆய்வேட்டில் உங்களைப் பற்றி எழுதியிருக்கும் பத்தியையும் நகல் எடுத்து இணைப்பில் வையுங்கள், விண்ணப்பத்தின் உள்ளே எந்த இணைப்பு, எத்தனையாவது பக்கம் என்று எழுதிவிடுங்கள்.